படங்களை வைத்த இடம்

படங்களை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை, சார். பக்கம் அழகாக இருக்கிறதா, சீக்கிரம் திறக்கிறதா என்றுதான் கேட்பார்கள். படம் எங்கே போய்த் தங்குகிறது என்பது என்னைப் போல நிரல் எழுதுகிறவன் கவலை.

எனக்குக் கணியம்பாடி. தங்கை புவனாவைப் படிக்க வைத்தது நான். அவள் ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிற லட்சுமணனைக் கல்யாணம் செய்துகொண்டு, போனில் சொன்னாள். நான் போட்ட சோற்றைத் தின்றவள், போனில் சொன்னாள். அவன் என்னை மச்சான் என்றான். அந்த ஒரு சொல்லுக்கே அவன் பல்லைப் பெயர்த்திருக்கலாம். நான் நிதானமானவன். சிரித்தேன்.

பிறகு சொகுசு விடுதி நடத்துகிற ஒருவர், அவர்கள் ஊர் நிலம் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். ஊரார் தலைமுறையாக உழுததற்கு அடையாளம் எல்லைக் கற்களும் புளிய மரங்களும் அப்பன் பாட்டன் சமாதிகளும்தான். அவற்றைப் படமெடுத்துச் சேர்த்து வைக்க ஓர் இணையச் செயலி வேண்டும் என்று புவனா கேட்டாள். செய்து கொடுத்தேன். அண்ணன் மனசு மாறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாளாம்.

ஜமுனாமரத்தூர் டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். படங்களைத் தனியாக வாடகைச் சேமிப்பிடத்தில் வைக்கலாம். செயலி ஓடுகிற சர்வரிலேயே ஒரு கோப்புறையில் போடலாம். “எது நல்லதுண்ணா?” என்றாள்.

“சர்வர்லயே இருக்கட்டும். என் கண்ணு முன்னால இருக்கும்” என்றேன்.

அந்தச் சர்வரில் புதிய பதிப்பை ஏற்றினால் பழைய கோப்புறை சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிடும். அதைச் சொல்லவில்லை. படம் ஏறியதும் போனிலிருந்து அழிந்துவிடும்படியும் எழுதினேன். அவர்கள் போனில் இடம் குறைவு.

வீட்டுக்கு வீடு போய்ப் படமெடுத்தார்கள். விடுதி ஆட்கள் கற்களைப் பிடுங்கி, மரங்களை அறுத்து, சமாதிகளைத் தரைமட்டமாக்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் செயலியில் ஒரு பொத்தானைப் பச்சையிலிருந்து நீலமாக்கி, புதிய பதிப்பை ஏற்றினேன்.

வழக்கு தோற்றது. வீடுகளை இடிக்க இயந்திரம் வந்த அன்று லட்சுமணன் போன் செய்தான்.

“மச்சான், ஒரு படம் கெடச்சாலும் தடை வாங்கலாம்னு வக்கீல் சொல்றாரு. இன்னா பண்றது?”

“பழைய போன்ல இருக்கும். வூட்டுக்குள்ள போய்த் தேடு.”

“மிஷினு பக்கத்து வூட்டாண்ட வந்துட்ச்சி.”

“அப்ப சீக்கிரம் போ.”

அந்தப் போனில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இணைப்பை நான் துண்டிக்கவில்லை. சுவர் விழுகிற சத்தத்தையும், அதற்குப் பிறகு புவனா கத்துவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மொத்த ஊரும் தார்ப்பாயின் கீழே கிடக்கிறது என்கிறீர்கள். மற்றவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். கோபக்காரன் இத்தனை மாதம் பொறுத்திருப்பானா?

புகார் கொடுத்ததே புவனாதான் என்கிறீர்கள். இருக்கட்டும், சின்னப் பெண். அழுது ஓய்ந்ததும் என்னிடம்தான் வருவாள். மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.