வாசனை தெரியாதவள்

வெண்ணெயும் மிசோவும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. மிசோ என்பது ஜப்பான்காரர்கள் சோயாவை உப்பிட்டுப் புளிக்க வைத்து எடுக்கும் விழுது. இத்தாலிக்காரர்கள் அரிசியை வெண்ணெயில் வதக்கி, காய்கறி வேக வைத்த சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, கை ஓயாமல் கிண்டி ரிசோட்டோ செய்வார்கள். அதை அடுப்பிலிருந்து இறக்கியதும் சிறு நெல்லிக்காய் அளவு மிசோவைக் கரைத்துவிட்டால், சீஸை அள்ளிப் போட்டது போல ஒரு ருசி வரும். இறக்கிய பிறகுதான் போட வேண்டும். கொதிக்க விட்டால் மணம் போய்விடும்.

இதைக் கண்டுபிடித்தவள் என் தங்கை. சுண்டு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தாள் என்று எங்கள் மாமா வைத்த பெயர்; என்னைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்த பிறகும் அது மாறவில்லை. அவள் சமையலறையில் தீயில் சிக்கியது விபத்து என்று நீங்கள் முடிவுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். காய்ச்சலில் மூக்கு போனவள், கேஸ் கசிந்தது தெரியாமல் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதார்கள். அவளுடைய மூக்கைப் பற்றி உங்களிடம் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை, ஐயா. ஆனால் இதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அம்மா போனபோது சுண்டுவுக்குப் பால் பற்கள்கூட விழவில்லை. சோறு ஊட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் நான். பிறகு ஒரு பெரிய ஹோட்டலில் சேர்ந்து இத்தாலிச் சமையல் கற்றுக்கொண்டேன். மாவு பிசைவது, தக்காளியை மணிக்கணக்கில் சுண்ட வைப்பது என்று எல்லாம் எனக்குக் கைப்பழக்கம். சுண்டு வளர்ந்து ஒரு ஜப்பானிய உணவகத்தில் வேலைக்குப் போனாள். அங்கிருந்து ஏதாவது ஒரு பொட்டலத்தோடு வருவாள். கடற்பாசி, உலர்த்திச் சீவிய மீன், யூஸு என்கிற கரடுமுரடான எலுமிச்சை. என் சட்டிக்குள் அவற்றைப் போட்டுப் பார்ப்பாள்.

எல்லாம் நன்றாக வந்துவிடவில்லை. கடற்பாசியைத் தக்காளிச் சாற்றோடு கொதிக்க விட்டு, ஒரு சட்டி முழுவதும் கொழகொழத்துக் கசந்துபோனது. மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இத்தாலிக்காரன் சட்டியில ஜப்பான்காரன் சரக்கு. ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு வந்து நம்மளை அடிக்கப் போறாங்க" என்றார். சுண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் கடற்பாசியைக் குளிர்ந்த நீரில் ஊற வைத்து, அந்த நீரை மட்டும் எடுத்துச் சேர்த்தாள். மாமா சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

அப்படித்தான் எங்கள் உணவகம் உருவானது. சின்ன இடம். கல்லாவில் மாமா, அடுப்பில் நாங்கள் இருவர். நான் கிண்டுவேன், சுண்டு முகர்ந்து பார்ப்பாள். மூடிய சட்டியின் மேல் குனிந்து, உப்பு போதவில்லை என்பாள். மூடியைத் திறந்து ருசி பார்த்தால் உண்மையிலேயே போதாமல் இருக்கும். சாப்பிட வந்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். தட்டுகள் காலியானதும், சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். சுண்டு போய் நிற்பாள். என்னையும் கையைப் பிடித்து இழுப்பாள், நான் போகமாட்டேன். ரிசோட்டோவை விட்டுவிட்டு எப்படிப் போவது? எனக்கு அதில் பொறாமை எதுவும் இல்லை.

அப்போதுதான் வேறு ஊரில் உணவகங்கள் நடத்தும் ஒருவர் வந்து சாப்பிட்டார். தான் புதிதாகத் தொடங்கப்போகும் இடத்துக்குத் தலைமைச் சமையல்காரியாக வரும்படி சுண்டுவைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. அவள் துள்ளிக் குதித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "போறேன்க்கா, ஆனா மாசா மாசம் உன்னைப் பாக்க ஓடி வந்துடுவேன்" என்றாள். சந்தோஷம்டி என்றேன். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் விட்டபோது வாசனையும் ருசியும் அதோடு போயிருந்தன. அது உண்மை. மருத்துவரே பார்த்துச் சொன்னார். சுண்டு மிசோ டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, "களிமண் மாதிரி இருக்குக்கா" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டிக்கும் என்னைக் கூப்பிடுவாள். நான் ருசி பார்த்து வாயால் விவரிப்பேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் யூஸு பிழி என்பாள். இரவில் சின்ன வயதில் செய்தது போல என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், எங்கள் இருவருக்கும் அதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை.

மூக்கு திரும்ப வர ஒரு பயிற்சி உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்கு புட்டிகளில் நான்கு வாசனைகள். தினமும் காலையில் முகர வேண்டும். நாங்கள் யூஸுத் தோல், சீவிய மீன், பேசில் என்கிற இத்தாலித் துளசி இலை, காப்பிப் பொடி வைத்துக்கொண்டோம். சுண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஒவ்வொன்றாக மூக்கருகே பிடிப்பேன். அவள் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று நான் சொல்ல வேண்டும். ஆறிவரும்போது இல்லாத வாசனையெல்லாம் இருப்பது போலத் தோன்றும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றும் மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

வெகு நாட்கள் வெறும் காற்றைத்தான் முகர்ந்தாள். பிறகு ஒரு காலையில் அவள் புருவம் மேலே போனது. "அக்கா, யூஸு" என்றாள். மெல்லிய குரலில், பயந்து பயந்து சொன்னாள்.

யூஸுதான். நான் அந்தப் புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காப்பிப் புட்டியை எடுத்துக்கொண்டேன். "கண்ணைத் திற, பாரு" என்றேன். அவள் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. குருட்டாம்போக்கில் ஒரு தடவை சரியாக வந்துவிட்டு மறுநாள் வராமல் போனால் பிள்ளை இடிந்துபோய்விடுவாளே என்று நினைத்தேன். நன்றாக உறுதியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் நான்கையும் சரியாகச் சொன்னாள். அதற்கு மறுநாளும். நான் சிலவற்றைச் சரி என்றேன், சிலவற்றைத் தவறு என்றேன். எல்லாமே தவறு என்றால் சந்தேகம் வந்துவிடும் அல்லவா.

ருசியும் கூடவே திரும்பியது. "உப்பு கூடிப்போச்சுக்கா" என்பாள். "சரியாத்தான்டி இருக்கு" என்பேன். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கொஞ்சம் சாறு விட்டுச் சரிசெய்துதான் தட்டில் வைப்பேன். சாப்பிட வந்தவர்களை நான் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. ஒருமுறை மாமா கரண்டியை நக்கிவிட்டு, "ஏம்மா, சின்னவ சொன்னது சரிதானே, உப்பு கரிக்குதே" என்றார். நல்லவேளை, சுண்டு பின்கட்டில் இருந்தாள். "அவ சொல்றதுக்கெல்லாம் ஆமா போட்டா அவ மூக்கு தேறாது மாமா. உண்மையான ருசி எது, மனசுல தோணுறது எதுன்னு அவளே பிரிச்சுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. மாமாவுக்கு அவள் என்றால் உயிர். அன்றிலிருந்து அவரும் அவள் எதைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கினார். அவரை எதுவும் கேட்காதீர்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டு ஒடுங்கிப்போனாள். புதிதாக எதையும் சட்டியில் போட்டுப் பார்ப்பதில்லை. பால் கெட்டுவிட்டதா, மீன் நல்ல மீன்தானா, தன் சட்டை வியர்வை நாறுகிறதா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பாள். ஒருநாள் பேசில் இலையைக் கையில் கசக்கி முகர்ந்துகொண்டு நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. "எனக்கு இது பேசில் மாதிரியேதான்க்கா இருக்கு. எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?" என்றாள். அந்த நிமிடம் சொல்லியிருப்பேன், வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அவள் அதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்து, "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த வேறு ஊர்க்காரர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி நேரிலேயே வந்து, மூக்கு தேறும்வரை காத்திருக்கிறேன் என்றார். அவரை அனுப்பிவிட்டுச் சுண்டு என்னிடம் வந்தாள். "ஒரே ஒரு தடவை என் மூக்கு சொன்னது நிஜம்தான்னு தெரிஞ்சாப் போதும்க்கா. தைரியம் வந்துடும். கிளம்பிடுவேன்" என்றாள். அந்த வாரம் முழுவதும் அவள் சொன்ன எதையும் நான் சரி என்று சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. காலை நேரம். மாமா கடைக்குப் போயிருந்தார். நான் பின்வாசலுக்கு வெளியே உட்கார்ந்து கீரையில் மண் நீக்கிக்கொண்டிருந்தேன். சுண்டு சாறு வைக்க உள்ளே போனாள். ஜன்னல்களை இன்னும் திறக்கவில்லை.

"அக்கா, கேஸ் வாசனை வருதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

வந்தது. அவள் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எனக்கு வந்துவிட்டது. ரப்பர் குழாயில் விரிசல் என்று நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வெளியே வந்திருப்பாள். வந்து, எனக்கு வாசனை தெரியுதுக்கா, என் மூக்கு சரிதான் என்று என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்திருப்பாள். பிறகு பெட்டியைக் கட்டத் தொடங்கியிருப்பாள். இதையெல்லாம் நினைத்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

"இல்லையே" என்றேன்.

"எனக்கு நல்லா வருதுக்கா."

"உனக்குத்தான் இல்லாததெல்லாம் வருமே, சுண்டு."

உள்ளே அவள் லேசாகச் சிரித்தது கேட்டது. "அதுவும் சரிதான்" என்றாள்.

நானே போய்ச் சிலிண்டரைச் சத்தமில்லாமல் மூடிவிடலாம் என்று எழுந்தேன். அவளுக்குத் தெரியவே வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கையெல்லாம் மண்ணாக இருந்தது. மண் கையோடு சமையலறைக்குள் போகும் பழக்கம் எனக்கு இல்லை. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். முழங்கைவரை கழுவினேன். துடைத்துக்கொண்டு திரும்பும்போது அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

பற்ற வைக்க மாட்டாள் என்று நினைத்தேன் எனச் சொன்னால் நீங்களே எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்வீர்கள். ஆனால் அது பொய். சாறு வைக்கத்தான் உள்ளே போனாள். வாசனை இல்லை என்று நான் சொன்னால் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வாள். அப்படி ஆக்கியவளே நான்தானே. அவளுக்கு வாசனை நன்றாகத் தெரியும், ஐயா. என்னைவிட நன்றாகத் தெரியும். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கொன்றது நான்.

மருத்துவமனையில் ஒரு நாள் உயிரோடு இருந்தாள். தலையிலிருந்து கால்வரை கட்டு. பேச முடிந்தது, ஆனால் காதை வாயருகே கொண்டுபோக வேண்டும். மாமா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நான் மட்டும்.

"அக்கா, ஏதோ கருகின வாசனை வருது" என்றாள். "என் மேலயாக்கா?"

அறை முழுவதும் அந்த வாசனைதான்.

"ஒரு வாசனையும் இல்லடா கண்ணு" என்றேன்.

"அப்ப இன்னும் சரியாகல" என்றாள் சுண்டு. அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. எப்போதும் போல, அவளுடைய நல்லதுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.