பத்திரிகையில் இருந்த பெயர்

விடுதியில் பெரிய பையன்கள் அடிப்பதை ரகசியமாக என்னிடம் வந்து சொன்ன மாணவன் சவரிமுத்து. ‘காட்டிக்கொடுப்பவன்’ என்று, தவக்காலத்தில் எங்கள் பள்ளி போடும் இயேசுவின் பாடுகள் நாடகத்தில் அவனுக்கு யூதாஸ் வேடம் கொடுத்தேன். அதுவே அவன் பெயராயிற்று.

போன வாரம் திருப்பரங்குன்றம் பஸ்ஸில், என்னைக் கவனிக்காத பழைய மாணவர்கள் இருவர் முன் சீட்டில் பேசிக்கொண்டார்கள்.

“யூதாஸ் மக கல்யாணத்துக்குப் போனியா மாப்ள?”

“எனக்கெங்கடா பத்திரிகை வச்சான்? யாரோ சவரிமுத்துன்னு ஒண்ணு வந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.”

“அடப்பாவி, அவந்தான்டா அது! நானும் அப்படித்தான் விட்டுட்டேன். நம்ம செட்டுல ஒருத்தனும் போகலையாம்.”

மறுநாளே சவரிமுத்துவின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த மனைவியிடம் சொன்னான்:

“இந்தா, எனக்குப் பேரு வச்ச சார் வந்திருக்காரு. காப்பி போடு.”