சிவப்பாகப் பூத்த கண்ணாடி

கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது சார். இந்த அறையைச் சுத்தம் செய்கிறவரிடம் சொல்லிவையுங்கள். திட்டுத் திட்டாக வெள்ளை படிந்திருக்கிறது. காய்ந்த பருத்தித் துணி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. போதும்.

கண்ணாடி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அந்தக் கண்காட்சி மண்டபத்தைக் கட்டிய ஆர்க்கிடெக்ட் நான்தான். சுவர், கூரை எல்லாம் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் உங்களையே ஓர் ஊர்வலமாகப் பார்க்கலாம். ஆனால் அதற்கு உயிர் கொடுத்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டரில் ஓவியம் செய்கிறவன். கண்ணாடியைத் தொட்டால், தொட்ட இடத்தில் வெளிச்சம் பூவாக விரியும். மெல்லத் தொட்டால் நீலம். ஓங்கித் தட்டினால் சிவப்பு. பக்கத்தில் இன்னொருவர் தொட்டால் இரண்டு பூவும் கொடி விட்டு ஒன்றையொன்று தேடிப் போகும்.

அதில் ஒரு வேடிக்கை. கண்ணாடியின் அதிர்வை மட்டும்தான் அது கண்டுகொள்ளும். தொடுகிறவர் முன்பக்கம் நிற்கிறாரா, பின்பக்கம் நிற்கிறாரா என்று அதற்குத் தெரியாது.

பின்பக்கம் என்றால், சுவருக்குப் பின்னால் ஒரு சந்து. ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். பூக்களை இயக்கும் கருவிகள் அங்கேதான். அவற்றின் இரைச்சல் மண்டபத்துக்குள் வரக் கூடாதென்று சந்து முழுக்கத் தடிமனான ஃபோம் ஒட்டினேன். கதவுக்கும் ஒட்டினேன். தாழ்ப்பாள் வெளியே. உள்ளே நின்று கத்தினால் வெளியே கேட்காது, செல்போனும் எடுக்காது. உள்ளிருந்து பார்த்தால் மண்டபம் தெரியும். மண்டபத்தில் நிற்பவருக்கு அவரவர் முகம்தான் தெரியும்.

திறப்பு விழாவன்று மத்தியானம் மச்சினன் வியர்வை சொட்டச் சொட்டச் சந்திலிருந்து வந்தான். உள்ளே சூடு ஏறுகிறது, கூரை விசிறி போதவில்லை, ஃபோம் கருகுகிற வாசனை வருகிறது, விழாவைத் தள்ளிப்போடலாம் என்றான். சிறப்பு விருந்தினர் காரில் ஏறிவிட்டார். இன்றைக்கு இது நின்றால் நாளைக்கு ஒரு கோழிக்கூண்டு கட்டக்கூட என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதை அவனிடம் சொன்னேன்.

"ஜனங்க உள்ள இருக்கும்போது பத்திக்கிச்சுன்னா என்ன மாமா பண்ணுவீங்க? நீங்க சொல்லலேன்னா நானே மைக்கைப் பிடிச்சுச் சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லு. எந்த இடம்னு மொதல்ல எனக்குக் காட்டு. நானும் பாக்கணும்ல?"

அவன் முன்னால் போனான். நான் பின்னால் போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஃபோம் ஒட்டிய கதவு, சத்தமே வரவில்லை.

விழா முடியும்வரை மட்டும்தான் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் நாலு வார்த்தை திட்டுவான், அக்கா சமாதானம் செய்வாள், முடிந்தது.

வரவேற்புரையின்போது, யாருமே தொடாத இடத்தில் ஒரு சிவப்புப் பூ வெடித்தது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சுவர் முழுக்கச் சிவப்பு. கூட்டம் கைதட்டியது. ஒரு பத்திரிகை நிருபர் என் காதருகே குனிந்தார்.

"கண்ணாடி நம்மகிட்ட என்னமோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கு சார். எப்படித்தான் யோசிச்சீங்களோ."

அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

என் மனைவி தம்பியைத் தேடினாள். பின்னால் வேலையாக இருக்கிறான் என்றேன். பொய்யில்லை. அவள் கண்ணாடி முன் நின்று கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவள் முகத்துக்கு நேராகச் சிவப்பு மேல் சிவப்பாக வெடித்தது. அவள் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எல்லாம் அடங்கியது. அவள் கைக்கு நேரே, அவள் கையைச் சுற்றி, இன்னொரு நீலம் மெதுவாக விரிந்தது.

"பாருங்களேன், யாரோ என் கையைப் பிடிச்ச மாதிரியே இருக்குங்க" என்றாள். "என் தம்பி கெட்டிக்காரன்தான்."

அப்போதாவது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் திறந்தால் அவளுக்கு எதிரிலேயே சொல்லிவிடுவானே. அதோடு விசிறித் தொல்லை வேறு. விருந்தினர் பேச எழுந்ததும் மேலே கடகடவென்று இரைந்தது. பேச்சு காதில் விழவில்லை என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். சுவிட்ச் என் கைக்கு எட்டியது. அணைத்தேன். ஆமாம், அந்த விசிறி பழுதாகி நிற்கவில்லை. சந்துக்குக் காற்றுக் கொடுத்தது அது ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கதவைத் திறந்தபோது அவன் உள்ளங்கை கண்ணாடியிலேயே இருந்ததாமே. எந்த இடம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்துக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டீர்கள், இருந்தும் நான் எங்கே முகம் பார்த்தாலும் நெஞ்சுக்கு நேராக அந்த நீலம் விரிகிறது. வீட்டில் என் மனைவி பீரோக் கண்ணாடியில் கையை வைத்தபடியே நிற்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அன்றைக்குப் பேச்சு முடிந்ததும் விருந்தினர் சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தானாகப் பூக்கிற அந்தச் சிவப்பு எங்கே என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், வரும் என்றேன். அத்தனை பேரும் அவரவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒரே ஒரு தட்டு மச்சான், ஒன்றே ஒன்று என்று மனசுக்குள் கெஞ்சினேன். வரவில்லை. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அவ்வளவு பெரிய சபையில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டான் சார். சின்னவன்தானே என்று அதையும் மன்னித்துவிட்டேன்.