கலத்தை விட்டு வந்த பன்னிரண்டு பேர்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் ஐயா அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கிற என் தோழர்களே! எல்லாருக்கும் வணக்கம். தாளில் எழுதி வந்து படிக்க எனக்கு எழுத்துத் தெரியாது. நெஞ்சில் கிடப்பதைச் சொல்கிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மரக்கூழ் ஆலையின் தலைமை மேஸ்திரி, கூழின் பதம் பார்ப்பதால் நாமெல்லாம் பதக்காரர் என்று கூப்பிட்ட பெரிய மனிதர், போய் ஒன்பது நாளாகிறது. மரச்சில்லைக் கொட்டி, மருந்துத் தண்ணீர் விட்டு, ஸ்டீம் கொடுத்து வேகவைக்கிற அந்த இரண்டு மாடி உயரக் கலத்தின் பக்கத்தில் முப்பத்தொன்பது வருஷம் நின்றவர் அவர்! கூழை ஒரு சிட்டிகை எடுப்பார். இரண்டு விரலால் நசுக்குவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம்" என்பார். பதினோராவது நிமிஷம் ஆனதுண்டா?

புது மீட்டர் மாட்டிய வருஷம் சோதனைக்கூடத்துப் பொறியாளர் கேட்டார்: "ஏன் பெரியவரே, மீட்டர் சொல்றதை நம்ப மாட்டீங்களா?"

"நம்புறேன் தம்பி. ஆனா அதுக்குக் கை சுடாதே, அதான் யோசனை" என்றார் பதக்காரர்.

அவர் வீட்டுக்கார அம்மா, நம் அண்ணி, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் முன்னாலேயே அவரை மடக்கினார். "காலம் பூரா கூழு கூழுன்னு சொல்றீங்க, வீட்டுக்கு ஒரு பிடி கொண்டு வந்ததுண்டா?"

மனிதர் எழுந்தார். பல் விளக்கும் பசையை எடுத்து வைத்தார். அது கெட்டியாக நிற்பது மரக்கூழால். காய்ச்சல் மாத்திரையை வைத்தார். அதை உதிராமல் பிடித்திருக்கும் மாவு மரக்கூழ். பாத்திரம் துடைக்கும் பஞ்சு, மிட்டாய் சுற்றிய கண்ணாடித்தாள், தன் மூக்குக்கண்ணாடியின் சட்டம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, அண்ணியின் ரேயான் துணியைத் தொட்டுக் காட்டினார்.

"அப்போ நான் உடுத்தியிருக்கிறதும் கட்டையா?"

"உடுத்தியிருக்கிறது மட்டுமா? கட்டிக்கிட்டதும் கட்டைதானே!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அண்ணியும் அன்றைக்குச் சிரித்தார்.

ஆனால் கலத்தின் முன்னால் அவரிடம் விளையாட்டே கிடையாது. ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அடுப்பேற்றினவன் இறக்காமல் நகரக்கூடாது. அவருடைய அப்பா இறந்த செய்தி வந்தபோது கலம் பாதி வெந்திருந்தது. மாற்றி விட ஆளில்லை. இரண்டு மணி நேரம் நின்று, வேகவைத்து இறக்கி, கலத்தைக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினார். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமாவது வாய் திறந்ததுண்டா? ஒருமுறைகூட இல்லை!

அப்படிப்பட்டவருக்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா?

போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, மதியம் மூன்றரை மணி. பதக்காரர் கிடந்த ஆஸ்பத்திரியிலிருந்து, இனித் தாங்காது என்று போன் வந்தது. கலம் பாதிதான் வெந்திருந்தது. ஸ்டீமைத் திறந்து மூடுகிற வால்வுக்காரர் தயங்கினார். "அண்ணே, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே." நான் மரச்சில்லுக் கிடங்கு ஆள். கலத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் வாய் விட்டேன். "ஸ்டீமை அடைச்சிட்டு வாப்பா. ஒரு மணி நேரத்துல குடியா முழுகிடும்? உசுரோட ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்." மூத்தவன் சொல்லிவிட்டானே என்று எல்லாரும் வந்தார்கள். பன்னிரண்டு பேர்.

கட்டிலைச் சுற்றி நின்றோம். அவர் கண் திறந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சந்தோஷப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எல்லாரும் இங்க இருந்தா, கலத்துல யாரு?"

நான்தான் சொன்னேன்: "ஆள் இருக்குண்ணே, நீங்க தூங்குங்க."

அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அண்ணியைத் தனியாக விட்டு வர யாருக்குக் கால் வந்தது? திரும்பும்போது இரவு எட்டு மணி. உள்ளே கூழ் ஆறி, இறுகி, சுவர் மாதிரி நின்றது. அடிக்குழாய் முழுக்க அடைத்துக்கொண்டது.

வால்வுக்காரரை வேலைநீக்கம் செய்ததாக ஆலை வாசல் கேட்டில் தாள் ஒட்டியிருக்கிறீர்கள் ஐயா. அந்தத் தாளும் மரக்கூழ்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வால்வுக்காரரின் மனைவிதான் எனக்குப் படித்துச் சொன்னார். அழாமல் கடைசி வரி வரைக்கும் படித்தார். ஸ்டீமை அடைக்கச் சொன்னது நான். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.

இன்னொரு தாளும் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கலம் சுத்தமாகாவிட்டால் ஆலையை மூடிவிடுவதாக! எட்டு நாளாகக் கடப்பாரையால் வெட்டுகிறோம். மூன்றில் ஒரு பங்கு வந்திருக்கிறது. அடித்தகடு வேறு வீங்கியிருக்கிறது. கூழை எடுத்தாலும் தகடு தாங்காது என்கிறார் பொறியாளர். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. முந்நூறு குடும்பம். நானும் ஆகிற வழியைத் தேடித்தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தென்படவில்லை.

எனக்கு முன் பேசியவர்கள், பதக்காரர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்றார்கள். எந்தப் பணியை? எங்கே நின்று? அவ்வளவு பெரிய வாக்குக் கொடுக்க எனக்கு வாயில்லை. நான் கொடுக்கக்கூடியது இதுதான். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் கலத்துக்குள் இறங்குகிறேன். அன்றைக்கு வந்த பதினொரு பேரும் கூட வருகிறோம் என்றிருக்கிறார்கள். வேலைநீக்கம் ஆனவரும்தான். முடியாது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இறங்குகிறோம். திங்கட்கிழமை பூட்டோடு வருகிறவர், முதலில் எங்களை மேலே ஏறச் சொல்லிவிட்டுத்தான் பூட்ட வேண்டியிருக்கும்.