'இந்தப் பக்கம் இல்லை'ன்னு வருது

லோகு: நெட்டுல உன் பாடப் பக்கத்த காணோம்மே! ஃபோன்ல தொட்டா 'இந்தப் பக்கம் இல்லை'ன்னு வருது.

சோனியா: எனக்கு வருதே மாமா? என் கணக்குப் பாடம் மொத்தமும் இருக்குது.

லோகு: நீ எழுதுனவ, உள்ள பூந்து பாக்குற. வெளிய நிக்கிறவனுக்கு...

சோனியா: ஓ... நேத்து திருத்தறதுக்கு, யாருக்கும் தெரியாம டிராஃப்ட்ல போட்டேன். ஒரு நாள்தானே, இன்னா இப்போ?

லோகு: இன்னாவா? நீ அழிச்சிட்டன்னு நெனைச்சிக்கினு ஆதிகேசவன் நாஷ்டா கூட துன்னல. நாளைக்கு அவனுக்கு பத்தாவது கணக்குப் பரீட்சை.

சோனியா: உன் கூட கும்மிடிப்பூண்டில ஃபர்னஸ்ல நிக்கிறாரே, அவரா? இந்த வயசுலயா?

லோகு: ஏன், எழுதக்கூடாதா? பாஸ் பண்ணாதான் பர்மனென்ட்டுன்றாங்க. மூணு தபா ஃபெயிலு. இந்த தபா ஊட்ல சொல்லவே இல்ல.

சோனியா: பொண்டாட்டிகிட்ட கூடவா?

லோகு: அவ டியூஷன் எடுக்கறவ... அதாவது, படிச்சவ. வெக்கமா இருக்காது?

சோனியா: உம்... எந்தக் கணக்குல திணறுறாரு?

லோகு: மூணாவது. எட்டு தபா போட்டேன், உன் விடை வரவே மாட்டேங்குது.

சோனியா: போட்டேனா?

லோகு: போட்டான்! போட்டான்னேன். இங்க மிஷின் சத்தம்மே...

சோனியா: அது என் தப்பு. மைனஸ் வர்ற எடத்துல பிளஸ் போட்டுட்டேன். அவரு போட்டதுதான் சரி, போய்ச் சொல்லு.

லோகு: நெஜமாவா? எட்டு தபாவும் சரியா? ...குதிப்பான் பாரு!

சோனியா: இரு, இரு... திருத்திட்டேன். பப்ளிஷும் குடுத்துட்டேன். இப்ப பாரு.

லோகு: ...வந்துச்சி! வந்துச்சிம்மே! ஒரு தப்புக்காவா முழுசையும் மூடுன? எத்தினி பேரு தேடிக்கினு வர்ற பக்கம்... பேஜாராயிடுச்சி.

சோனியா: அவங்கெல்லாம் அப்புறம் வந்தவங்க. துவைக்கறப்போ உன் பேன்ட்டு பாக்கெட்டுல பரீட்சை அப்ளிகேஷன் கெடச்ச அன்னிக்கு, ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்ச பக்கம் மாமா அது. அவரு தப்பா படிச்சிடக்கூடாதுன்னுதான் மூடுனேன்... நேரத்தோட ஊட்டுக்கு வா. காலைல திருவள்ளூர் சென்டருக்கு நானே கூட்டினு போறேன்.