கண் வைக்காத பானை

நம்ம கண்மாய்க்கு மடைகூடக் கட்டாத காலம். வெறும் மண்கரைதான். அப்ப இந்த மாவிலங்கைப்பட்டியில சடையாண்டின்னு ஒருத்தரு இருந்தாராம். தாரா, அதான் வாத்து, அதைப் பிடிக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லையாம். எனக்குப் பாட்டனுக்குப் பாட்டன் முறை. பெருமைக்குச் சொல்லலை, ஊரே சொல்லும். சும்மா உக்காராம உம் கொட்டிக் கேளுங்க.

அவருகிட்ட வில்லு இல்லை, வலை இல்லை. பானைதான். ஐப்பசி மழையில கண்மாய் நிறைஞ்சதும் பழம்பானைகளை மிதக்க விட்டுருவாராம். வடக்கேருந்து காட்டுத்தாரா வந்து இறங்கும். மொதல்ல பானையைப் பார்த்து ஒதுங்கும். அப்புறம் பக்கத்துல வரும். அப்புறம் பானைமேலயே ஏறி உக்காந்து சிறகு கோதும். அதுக்கப்புறந்தான் இவரு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்ட பானையைத் தலையில கவுத்துக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில மெல்ல மெல்ல நடப்பாரு. தாராவுக்கு அதுவும் ஒரு பானைதானே. தண்ணிக்கடியில காலைப் பிடிச்சு இழுத்தா, சத்தமில்லாம உள்ள போயிரும்.

ஆனா மனுசன்கிட்ட ஒரு நேர்மை உண்டு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் பிடிப்பாரு. தூங்குறதைத் தொடவே மாட்டாரு. முழிச்சிருக்கிறதைப் பிடிச்சா வேட்டை, தூங்குறதைப் பிடிச்சாத் திருட்டும்பாராம்.

ஒரு வருசம் ஜமீந்தார் வீட்டுல கல்யாணம். விருந்துக்குத் தாராக்கறி வேணுமாம். துப்பாக்கி வெடிச்சா எல்லாம் பறந்துருமே, அதனால சடையாண்டியைக் கூப்பிட்டுவிட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள ஒரு சாக்கு நிறையக் கொண்டா, இல்லைன்னா ஊரைவிட்டுப் போயிருன்னுட்டாராம். வீட்டுல பொண்டாட்டி அங்கம்மா நிறைமாசம். பாவம், என்ன செய்வாரு. ஒரு நாளைக்கு ஒண்ணுங்கிறதை அன்னைக்கு மறந்துட்டு இறங்குனாரு.

நடக்குறாரு, நடக்குறாரு, மெல்ல நடக்குறாரு. தைமாசப் பனி தண்ணிமேல புகையாட்டம் கெடக்கு. வானம் எது, கண்மாய் எதுன்னு தெரியலை. பானைக்குள்ள அவரு மூச்சுதான் அவருக்குக் கேக்குது. சுத்தியும் தாரா. கையை நீட்டப் போறாரு. அப்பத் தலைமேல மெத்துன்னு ஒரு கனம். ஒரு பொட்டைத்தாரா பானைமேல ஏறி, மூக்கைச் சிறகுக்குள்ள வெச்சுத் தூங்கிருச்சாம். அதைப் பார்த்து மத்ததும் பானையை ஒட்டி ஒட்டி வந்து தூங்கிருச்சு. பறவை நம்பணும்னுதானே இத்தனை நாளாப் பானையை மிதக்க விட்டாரு. அது முழுசா நம்பிருச்சு.

வெயில் ஏறுச்சு, அவரு அசையலை. வெயில் இறங்குச்சு, அவரு அசையலை. காலு மரத்துப்போச்சு. தான் முழிச்சிருக்கமா தூங்குறமான்னே தெரியலையாம். அவரு பார்க்காத மலை, பார்க்காத ஆறெல்லாம் கண்ணுக்குள்ள வந்து வந்து போச்சாம். அது அந்தத் தாரா கண்ட கனவும்பாங்க.

பொழுது சாயவும் தாரா தானா முழிச்சு இரைக்குப் பறந்துச்சு. இவரு வெறுங்கையோட கரையேறுனாரு. ஜமீந்தார் அங்கேயே நிக்கிறாரு.

"என்னடா, கைக்கு எட்டலையா?"

"எட்டுச்சு சாமி. என் தலைமேலதான் இருந்துச்சு."

"பிறகென்ன?"

"தூங்குச்சு சாமி."

ஜமீந்தார் ஊர் எல்லைப் பக்கமாக் கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு. கரைக்கு வந்த அங்கம்மா என்ன ஏசப்போறாளோன்னு ஊரே பார்த்துக்கிட்டு நிக்கிது. வீடு போகுது, வயித்துல பிள்ளை. அவ புருசன் தலையைத் துவட்டிவிட்டா. அப்புறம் கேட்டாளாம்:

"நாம போனப்புறம் வேற எவனாச்சும் இந்தப் பானையை மாட்டிக்கிட்டு இறங்குனா, அதுக என்ன செய்யும்?"

அவரு ஓட்டை போட்ட பானையைக் கரையிலயே போட்டு உடைச்சாரு. மிதந்த பானைகளை அப்படியே விட்டுட்டு, ரெண்டு பேரும் இருட்டுறதுக்குள்ள எல்லையைத் தாண்டிப் போயிட்டாக.

போற வழியில ஒரு பொண்ணு பிறந்துச்சாம். அது வளர்ந்து ஆளானப்புறம், அவுகளைப் போக விட்டோமேன்னு ஊரு வெக்கப்பட்டுத் தேடிப் போயி, அந்தப் பொண்ணையே இங்க மருமகளாக் கொண்டாந்தாக. அவ வீட்டுக்குள்ள போகலை. நேரா கண்மாய்க்குப் போயி ஒரு புதுப்பானையை மிதக்க விட்டுட்டுத்தான் வாசப்படி மிதிச்சாளாம்.

அதான் இன்னைக்கும் நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணுக பானை விடுறது. நாளைக்கு விடியக்காலம் போயிப் பாருங்க. ஒவ்வொரு பானைமேலயும் ஒரு தாரா தூங்கும். அடியில ஆரும் இருக்க மாட்டாங்க.