பத்தாவது நோயாளியின் படம்

அவசரப்பட்டு எழுதுவது எனக்கு அறவே பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. இருபது வருடப் பத்திரிகை வேலையில் நான் எழுதியதற்கு ஒரு திருத்தம்கூடப் போட்டதில்லை.

அந்த டாக்டரைச் சிறையில் ஆறு முறை பார்த்தேன். பிஸ்கட்டை டீயில் ஊறவைத்து, உடைந்து விழுந்ததை விரலால் துழாவித் தின்றுகொண்டே, எந்த நோயாளிக்கு எவ்வளவு மருந்து ஏற்றிக் கொன்றார் என்று சொல்வார். மொத்தம் பத்துப் பேர். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாலும் சாப்பாடு இறங்காது. "அந்தப் பீடையை விட்டுத் தொலைங்களேன்" என்பாள் மனைவி. விட முடியுமா? புத்தகம் பாதி முடிந்திருந்தது.

நீங்கள் கேட்பது அதற்கு முந்தைய விஷயம். ஆமாம், அவர் கைதாவதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்குத் தெரியும். அவருடைய வார்டு நர்ஸ், டியூட்டி அட்டவணையையும் இறந்தவர்கள் பட்டியலையும் நகலெடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். ஏழு சாவு, ஏழிலும் அவர் டியூட்டி.

"போலீசுக்குப் போகப் பயமா இருக்குண்ணே. நீங்க எழுதினா நின்னுடும்."

"யார்கிட்டயும் மூச்சு விடாதேம்மா. நான் பாத்துக்கறேன்."

மூன்று ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது என்பது எங்கள் பத்திரிகை வழக்கம். மூன்றாவது அதே வாரம் கிடைத்துவிட்டது. ஆனால் ஏழு என்றால் உள்பக்கம்தான். பத்து என்றால் முதல் பக்கம் முழுவதும். யாரும் சொல்லவில்லை, அனுபவத்தில் தெரியும். காத்திருந்தேன். எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று.

ஒருநாள் காலையில் நர்ஸ் அழுதுகொண்டே போன் செய்தாள். "நாலாம் நம்பர் படுக்கை அம்மாவை இனிமே தானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாருண்ணே. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

உடனே கிளம்பினேன், கேமராவோடு. செத்தவர் படம் கேட்டால் வீட்டார் பழைய ஆல்பத்திலிருந்து மங்கலாக எதையாவது கொடுப்பார்கள். எனக்கு அது ஆகாது. அந்த அம்மா தையல் டீச்சர். "ஐயோ, தலைகூட வாரலையே தம்பி" என்று கூச்சப்பட்டுச் சிரித்தார். சிரிப்பு அருமையாக விழுந்தது. மறுநாள் மதியம் இறந்துபோனார். அதற்கடுத்த நாள் என் செய்தி வந்தது, டாக்டர் கைதானார்.

அந்தப் படம்தான் புத்தக அட்டை. கடைசிச் சந்திப்பில் டாக்டரிடம் காட்டினேன். "ஜோரா இருக்கு சார், எனக்கொரு பிரதி குடுங்க" என்றார். சீ, என்ன ஜென்மமோ.

அட்டையில் அம்மா ஆஸ்பத்திரி உடுப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இதை யார் எப்போது எடுத்தது என்று கேட்டு மகள் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. என்னையும் அந்த ஆளையும் ஒரே தட்டில் வைக்கிறாளே, அதுதான் குமட்டுகிறது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஊசியைப் போட்டவர். நான் அப்படியில்லை, ஐயா. கிளம்பும்போது, "உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.